படத்தில் இரண்டு பேர்தான்

1903 மே மாதம் அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டும் இயற்கையைக் காக்கப் போராடிய எழுத்தாளர் ஜான் மியூரும் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி காட்டில் மூன்று இரவு தங்கியதைப் பற்றி எழுதிக் கொடுத்தபோது, ஆசிரியருக்கும் எனக்கும் ஒரே ஒரு சொல்லில்தான் முட்டிக்கொண்டது. ‘தனியாக’ என்று தலைப்புக்குக் கீழே போட்டிருந்தார்.

“தனியா இல்ல சார். சார்லி லைடிக், ஆர்ச்சி லியோனார்டுன்னு ரெண்டு வனக் காவலர்கள் இருந்தாங்க. மூட்டை முடிச்சு ஏத்தி இறக்க இன்னொரு ஆளும் இருந்தார்.”

“கிளேசியர் பாயின்ட் பாறை மேல எடுத்த போட்டோவுல ரெண்டு பேர்தானே நிக்கிறாங்க?”

நான் விடவில்லை. அதற்கு அவர் கேட்டதுதான் இன்னும் உறுத்துகிறது. “நீங்க மலைக்குப் போய் எழுதினீங்களே, ஜீப் ஓட்டினவர் பேரு அதுல எங்க?”

பதில் வரவில்லை. கடைசியில் கட்டுரையிலிருந்து ‘தனியாக’ என்ற சொல்லும் போனது, அந்த மூவரும் போனார்கள். பொய் எதுவும் அச்சாகவில்லை என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். ஒரு பக்கத்தில் வேறென்ன செய்ய? பள்ளத்தாக்கில் ஏற்பாடாகியிருந்த விருந்தை ரூஸ்வெல்ட் தட்டிக்கழித்ததைச் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியா மாநிலத்தின் கையிலிருந்த பள்ளத்தாக்கும் மரிப்போசா மரத்தோப்பும் 1906-இல் மத்திய அரசுக்குத் திரும்பியதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரையே எதற்கு? அதற்காக அதிபரிடம் வாதாடியவர் மியூர், லைடிக் இல்லை. இதெல்லாம் சரிதான்.

ஆனால் வாசகர்கள் சிலாகித்த இடம் எது? கணப்பருகே உட்கார்ந்த இருவருமே தானே பேச ஆசைப்பட்டதால் பேச்சு கொஞ்சம் தகராறாகிப் போனது என்ற வரி. அதைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பல வருஷம் கழித்துச் சொன்னவர் லைடிக்தான். இரண்டாவது இரவு பனி கொட்டியது, கம்பளிக் குவியலுக்குள் படுத்திருந்த அதிபர் காலையில் எழுந்து அதைக் கொண்டாடியது, இதையெல்லாம்கூட அவர் நினைவில் வைத்திருந்து சொன்னார். அவர் கண் வழியாக நாம் பார்த்து எழுதிவிட்டு, அவர் அங்கே இல்லாத மாதிரி காட்டியிருக்கிறோம். இடமில்லை என்ற சாக்கு இதற்குப் போதுமா? போதும் என்று ஒரு நாளும், போதாது என்று மறுநாளும் தோன்றுகிறது.

அப்புறம் ஒரு முறை மலைக்குப் போனபோது, ஜீப் ஓட்டிய அண்ணனிடம் பேரைப் போடட்டுமா என்று கேட்டேன். “ஐயோ வேணாம் சார், எதுக்கு வம்பு? ஆபீஸ்ல கேள்வி கேப்பாங்க” என்றார். போடவில்லை. இது ஆசிரியர் பக்கமா என் பக்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை.