கிழக்கு எல்லை

நவம்பர் 9, ஞாயிறு

கிராம வரைபடம் ஒருவழியாகக் கணினியில் பூமியின் சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டது. அந்தக் காகிதத்தில் அட்சரேகையும் இல்லை, தீர்க்கரேகையும் இல்லை. குளக்கரை மூலை, சாலைச் சந்திப்பு, மண்ணில் புதையாமல் தப்பிய எல்லைக்கல் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பொருத்த வேண்டியிருந்தது. அப்படியும் 4 மீட்டர் பிழை தங்கிவிட்டது.

நவம்பர் 10, திங்கள்

மழை. மின்சாரம் இல்லை. அக்கா அழைத்தாள், நான் எடுக்கவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ராம்சார் எல்லை (ராம்சார் என்பது ஈரநிலங்களுக்கான உலக ஒப்பந்தம்), 1,247.54 ஹெக்டேர். எந்த மனை அதற்குள் விழுகிறது என்று பார்க்க, அதன்மேல் சர்வே எண்கள். இரண்டையும் மீட்டரில் அளக்கும் யுடிஎம் 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்றிய பிறகே கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கை வைத்தேன். டிகிரியில் விட்டுவிட்டு பஃபருக்கு (எல்லையைச் சுற்றி வரையும் வளையம்) 1 என்று கொடுத்தால், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன 1 கிலோமீட்டருக்குப் பதிலாக ஏறத்தாழ 110 கிலோமீட்டர் விரியும்.

ஒரு பாலிகன் (நிலத்துண்டின் மூடிய உருவம்) தன்னைத்தானே வெட்டிக்கொண்டு வேலையை நிறுத்தியது. அதைச் சரிசெய்து மறுபடி ஓட்டினேன். இன்டர்செக்‌ஷன் (இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடங்களைப் பிரித்தெடுப்பது) முடிந்து அட்டவணை திறந்தது. ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் சர்வே எண், வலப்பக்கம் சதுப்பு நிலத்தின் பெயர். உருட்டிக்கொண்டே போனேன். அக்காவின் மனைக்கான உட்பிரிவு எண்ணும் இருக்கிறது.

மனை முழுவதும் இல்லை. கிழக்கு ஓரத்தில் ஒரு கீற்று மட்டும். அகலம் 2 மீட்டர்கூட இல்லை.

நவம்பர் 12, புதன்

அந்தக் கீற்றுதான் மனம் முழுக்க.

ஒரே கரையை இருவர் தனித்தனியே வரைந்தால் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுவதில்லை. இடையில் இப்படி நீளமாக, ஒல்லியாகப் பொய்ப் பாலிகன்கள் முளைக்கும். எல்லை நெடுக அவை நிறைய இருக்கின்றன. அக்காவுடையதும் அதில் ஒன்றாக இருக்கலாம், மெய்யாகவே சதுப்பாகவும் இருக்கலாம். 4 மீட்டர் பிழையுள்ள வரைபடத்திடம் 2 மீட்டர் கீற்றைப் பற்றி எப்படிக் கேட்பது? மென்பொருளோ பரப்பளவைத் தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் வரை தருகிறது. அந்த ஆறு இலக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

நவம்பர் 14, வெள்ளி

சிறு பாலிகன்களை எல்லாம் பக்கத்துப் பாலிகனோடு கரைத்துவிடும் வசதி இருக்கிறது. ஒரு சொடுக்குப் போதும். அக்கா நிம்மதியாகத் தூங்குவாள்.

செய்ய மாட்டேன். இந்தச் சதுப்பு இப்படித்தான் குறைந்தது: ஓரத்தில் கொஞ்சம் மண், பிறகு ஒரு வேலி, பிறகு ஒரு சுவர். 2 மீட்டருக்குக் குறைந்ததெல்லாம் பொய் என்று அழித்தால், இந்தக் கரையில் நடந்த உண்மையான ஆக்கிரமிப்பும் சேர்ந்து அழியும். 2015-இல் வேளச்சேரியில் தண்ணீர் எங்கே நின்றது என்பது அக்காவுக்கும் தெரியும்.

நவம்பர் 15, சனி

அக்காவிடம் சொல்லிவிட்டேன். "உள்ளேயா வெளியேயா, அதை மட்டும் சொல் தம்பி" என்றாள். கல்லை அளக்காமல் சொல்ல முடியாது என்றேன். வைத்துவிட்டாள்.

நவம்பர் 16, ஞாயிறு

கீற்றை மட்டும் தனி லேயராகச் சேமித்து, குறிப்பில் "களத்தில் சரிபார்க்க வேண்டும்" என்று எழுதினேன். நில அளவர் நாளை காலை டிஜிபிஎஸ் என்ற துல்லிய அளவைக் கருவியோடு வருகிறார். மழை விட்டால் கிழக்கு மூலைக் கல்லிலிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும்.