நடுக்கடலில் வைஃபை உண்டு, ஓடிபிதான் வராது

கோடை முழுக்க மத்தியதரைக் கடலில் சுற்றிய பயணக் கப்பல்கள், அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் கரீபியன் பக்கம் இடம் மாறும். பார்சிலோனாவில் ஏறினால் மயாமியில் இறங்க ஏறத்தாழ இரண்டு வாரம். வழியில் கேனரித் தீவுகளிலோ மடீராவிலோ ஒரு நிறுத்தம். அதற்குப் பிறகு ஆறேழு நாள் தண்ணீர் மட்டும்தான். ஒருவழிப் பயணம் என்பதால் ஒரு இரவுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் கட்டணம் மலிவாக வரும். லேப்டாப்பும் கையுமாக எங்கிருந்தும் வேலை பார்ப்பவர்கள் இதைத் தேடிப் பிடித்து ஏறுகிறார்கள். ஏறும் முன் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அத்தனை நாளும் நெட் கிடைக்குமா?

கிடைக்கும். வேகத்தைப் பற்றி இப்போது பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆள் மாட்டிக்கொள்வது வேறு மூன்று இடங்களில்: கப்பலின் சொந்த மொபைல் டவர், வைஃபை லாகின் பக்கம், வங்கியின் ஓடிபி. மூன்றுக்கும் மருந்து கரையில்தான் இருக்கிறது. கப்பல் ஏறிய பிறகு தேடினால் கிடைக்காது.

வேகம் ஏன் மாறியது என்பதை மட்டும் சொல்லிவிடலாம். பழைய கப்பல் இணையம் பூமிக்கு மேலே 35,786 கிமீ உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்களை நம்பியிருந்தது. நீங்கள் ஒரு பக்கத்தைத் தட்டினால் கோரிக்கை மேலே போய்க் கீழே இறங்க வேண்டும். பதிலும் அதே வழியில் வர வேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் அதற்கே அரை நொடி ஆகிவிடும். நடைமுறையில் 600 மில்லிசெகண்டுக்கு மேல். அதனால்தான் அன்றைய வாட்ஸ்அப் அழைப்புகளில் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, மறுபடி ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். இப்போது பல கப்பல்கள் நம்பும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிமீ உயரத்தில் ஓடுகின்றன. நடு அட்லாண்டிக்கில் பக்கத்தில் தரை நிலையம் இல்லையென்றாலும், ஒரு செயற்கைக்கோளிலிருந்து அடுத்த செயற்கைக்கோளுக்கு லேசர் வழியாகத் தகவல் தாவிப் போகும். 2022 ஆகஸ்டில் ராயல் கரீபியன் என்ற பயணக் கப்பல் நிறுவனம் தன் கப்பல்கள் அனைத்திலும் இதைப் பொருத்தப்போவதாக அறிவித்தது. மற்ற பெரிய நிறுவனங்களும் அடுத்தடுத்துப் போயின. உங்கள் கப்பலில் எது ஓடுகிறது என்று தெரிய, கட்டணம் கட்டியதும் ஒரு ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பாருங்கள். மெகாபிட் எண்ணைப் பார்க்காதீர்கள், பிங் எண்ணைப் பாருங்கள்: கோரிக்கை போய்ப் பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் என்பது அது. 600-ஐத் தாண்டினால் பழைய வகை. வீடியோ மீட்டிங் ஆசையை விட்டுவிடலாம்.

சரி, முதல் கண்ணி. கப்பலுக்குள்ளேயே குட்டி மொபைல் டவர்கள் இருக்கும். கரையிலிருந்து சுமார் 12 கடல்மைல், அதாவது 22 கிமீ தாண்டியதும் பொதுவாக அவற்றைப் போடுவார்கள். போனில் 'செல்லுலார் அட் சீ' என்றோ, 901 என்று தொடங்கும் எண்ணாகவோ நெட்வொர்க் பெயர் தெரியும். சிக்னல் முழுதாக நிற்கும், போனும் சந்தோஷமாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் இது எந்த நாட்டு நெட்வொர்க்கும் அல்ல. நீங்கள் வாங்கிய ஐரோப்பா ரோமிங் பேக்கோ அமெரிக்கா பேக்கோ இங்கே செல்லாது. கடல் கட்டணம் தனி, எம்பி கணக்கில் ஏறும். பின்னணியில் போட்டோ பேக்கப் ஒரு இரவு ஓடினாலே போதும், பில்லைப் பார்த்துத் தலை சுற்றும்.

'டேட்டா ரோமிங்கை ஆஃப் செய்துவிட்டேன், போதாதா?' போதாது. டேட்டா நிற்கும், ஆனால் வரும் அழைப்பை எடுத்தால் நிமிடத்துக்குக் காசு, எஸ்எம்எஸ் அனுப்பினாலும் காசு. சரியான வழி ஏரோபிளேன் மோட். துறைமுகத்தில் கயிறு அவிழ்க்கும்போதே போட்டுவிட்டு, அதன்மேல் வைஃபையை மட்டும் தனியாக ஆன் செய்யுங்கள். இந்தப் பாதையில் இன்னொரு குழியும் உண்டு. ஜிப்ரால்டர் நீரிணையின் குறுகலான இடம் 14 கிமீதான். கப்பல் அதைக் கடக்கும்போது ஸ்பெயின் சிக்னலில் இருந்த போன், மொராக்கோ டவருக்குத் தாவும். மொராக்கோ ஐரோப்பா பேக்கில் பெரும்பாலும் சேராது. கண்கொள்ளாக் காட்சிதான், கேமராவுக்கு சிக்னல் தேவையில்லை.

இரண்டாவது, வைஃபை லாகின். பேக்கேஜ் கருவிக் கணக்கில்தான் விற்பார்கள்: ஒரு கருவி, இரண்டு, நான்கு. கப்பல் ஏறுவதற்கு முன்பே நிறுவனத்தின் இணையதளத்தில் வாங்கினால் வழக்கமாக விலை குறைவு. ஆனால் இந்திய கார்டாக இருந்தால் அதில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் ஆன் செய்திருக்க வேண்டும். ஏறிய பிறகு வாங்கினால் தொகை கேபின் கணக்கில் ஏறிவிடும், ஓடிபி கேட்காது. இருவர் மட்டும் போகிறீர்கள், ஆளுக்குக் கொஞ்ச நேரம் போதும் என்றால் ஒரு கருவிப் பேக்கேஜே தாங்கும். ஒருவர் லாக் அவுட் செய்தால் அடுத்தவர் நுழையலாம். பலர் வைஃபையை மட்டும் ஆஃப் செய்துவிட்டு லாக் அவுட் செய்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். சர்வரைப் பொறுத்தவரை பழைய கருவி இன்னும் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது. லாகின் பக்கத்துக்குப் போய் 'லாக் அவுட்' பொத்தானைத் தட்ட வேண்டும். பக்கத்து டேப்பிலேயே அந்த முகவரியை புக்மார்க் செய்து வையுங்கள்.

லாகின் பக்கமே திறக்கவில்லையா? பத்தில் ஒன்பது முறை குற்றவாளி உங்கள் போன்தான். உங்கள் நெட்டைத் தனி மறைவழியில் அனுப்பும் விபிஎன் தானாக ஓடிக்கொண்டிருக்கலாம். ஆண்ட்ராய்டில் 'பிரைவேட் டிஎன்எஸ்', ஐபோனில் 'பிரைவேட் ரிலே' இரண்டும் இதே வேலையைச் செய்யும்: கப்பல் சர்வர் உங்களை லாகின் பக்கத்துக்குத் திருப்ப முயலும், இவை வழியை மறிக்கும். மூன்றையும் ஆஃப் செய்யுங்கள். வைஃபையை 'ஃபர்கெட்' செய்து மறுபடி இணையுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் பிரவுசரில் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்ற முகவரியை அடியுங்கள். பூட்டுக் குறி இல்லாத பக்கம் என்பதால் சர்வர் அதை இடைமறித்து லாகினுக்கு அனுப்பும். உள்ளே நுழைந்த பிறகு விபிஎன்னைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

நேற்று வேலை செய்தது, இன்று 'கருவி எண்ணிக்கை தாண்டிவிட்டது' என்கிறதா? அது மேக் முகவரிப் பிரச்சினை; வைஃபையில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்தான் மேக் முகவரி. புதிய போன்கள் பாதுகாப்புக்காக வைஃபைக்குப் போலி முகவரி காட்டும், சில அதை அவ்வப்போது மாற்றும். கப்பல் சர்வருக்கு அது புதுக் கருவி. அந்த நெட்வொர்க்கின் அமைப்பில் ஐபோனில் 'ஃபிக்ஸ்ட்' என்றும் ஆண்ட்ராய்டில் 'டிவைஸ் மேக்' என்றும் முதல் நாளே, லாகின் செய்வதற்கு முன்பே வைத்துவிடுங்கள். பிறகு மாற்றினால் அதுவே இன்னொரு புதுக் கருவியாகிவிடும்.

டிராவல் ரவுட்டர் ஒன்றைக் கொண்டுபோய் ஒரு லாகினில் வீட்டையே இணைத்துவிடலாம் என்ற யோசனை இணையத்தில் நிறையச் சுற்றுகிறது. சில நிறுவனங்களின் தடைப் பட்டியலில் ரவுட்டர் இருக்கிறது, பெட்டிச் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பட்டியலைப் படித்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள்.

கப்பலின் சுவரும் கதவும் எஃகு. வைஃபை பெட்டி பெரும்பாலும் நடைவழியில் இருக்கும், பால்கனியில் உட்கார்ந்தால் பட்டை குறையும். கேபினில் கதவுப் பக்கம் வருவதே நல்லது. கடல் நாட்களில் இரவு உணவு முடிந்த நேரம் நெரிசல். விடிகாலை நான்கிலிருந்து ஏழு வரை ஊரே தூங்கும். பெரிய ஃபைல் ஏற்ற வேண்டுமானால் அப்போது ஏற்றுங்கள், அல்லது எல்லோரும் கரையிறங்கிப் போன துறைமுக நாளில். இறக்கும் வேகத்தைவிட ஏற்றும் வேகம் எப்போதும் குறைவு என்பதால் 2 ஜிபி வீடியோவை ஒரே துண்டாக அனுப்பாதீர்கள். விண்டோஸில் அந்த வைஃபையை 'மீட்டர்டு கனெக்ஷன்' என்று குறித்தால் அப்டேட் தானாக இறங்காது. வாட்ஸ்அப் மீடியா தானிறக்கம், கூகுள் போட்டோஸ் பேக்கப் இரண்டையும் நிறுத்துங்கள். அலுவலக விபிஎன் இணையாவிட்டால் அது யுடிபி வழியில் போகிறதா என்று பாருங்கள் (யுடிபி, டிசிபி இரண்டும் நெட்டில் தகவல் அனுப்பும் முறைகள்). டிசிபி 443 வழிக்கு மாற்றினால் பெரும்பாலும் நுழைந்துவிடும். அதையும் கிளம்புவதற்கு முன்பே ஐடி ஆட்களிடம் கேட்டு வாங்கி வையுங்கள். உங்கள் ஐபி, அதாவது நெட்டில் உங்கள் இணைப்பின் முகவரி எண், ஒரு நாள் ஸ்பெயின், மறுநாள் அமெரிக்கா என்று காட்டும். 'சந்தேக லாகின்' என்று கணக்கைப் பூட்டிவிட்டால் திறக்க அவர்கள்தான் வேண்டும். நம் அரசுத் தளங்கள் சிலவும் வெளிநாட்டு ஐபியிலிருந்து திறப்பதில்லை. வரி, கட்டணம் ஏதாவது கெடு இருந்தால் ஊரிலேயே முடித்துவிடுங்கள்.

இனி ஓடிபி. இதுதான் பெரிய தலைவலி. எஸ்எம்எஸ் மொபைல் டவர் வழியாக வருவது. ஏரோபிளேன் மோடில் வைஃபை எவ்வளவு வேகமாக இருந்தாலும் அது வராது. விதிவிலக்கு வைஃபை காலிங்: அது இயங்கினால் அழைப்போடு எஸ்எம்எஸ்ஸும் வைஃபையிலேயே வரக்கூடும். சிம் நிறுவனத்துக்கு நிறுவனம் இதன் விதி மாறும். எனவே கஸ்டமர் கேரில் குறிப்பாக இரண்டு கேள்வி கேளுங்கள்: வெளிநாட்டு வைஃபையில் ஓடுமா, எஸ்எம்எஸ் அதில் வருமா. ஆம் என்றால் அமைப்பை ஊரிலேயே ஆன் செய்து, வீட்டு வைஃபையில் ஏரோபிளேன் மோட் போட்டு ஒரு ஓடிபி வரவழைத்துச் சோதித்துப் பாருங்கள். சோதிக்காமல் நம்பி ஏறாதீர்கள்.

மற்றபடி எஸ்எம்எஸ்ஸின் பிடியிலிருந்து எவ்வளவு கணக்குகளை விடுவிக்க முடியுமோ அவ்வளவு விடுவிக்க வேண்டும். கூகுள் கணக்கில் ஓடிபிக்குப் பதிலாக அடிக்க பேக்கப் எண்கள் (backup codes) பத்து தருவார்கள், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். லாகின் எண்ணைப் போனிலேயே உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலிக்கு நெட்டே தேவையில்லை. சில வங்கிகள் ஓடிபியை மின்னஞ்சலுக்கும் அனுப்பும், கிளையில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். கிரெடிட் கார்டு பில், கரண்டு பில் எல்லாம் ஆட்டோபேயில் இருக்கட்டும். யுபிஐ செயலிகள் சிம்மோடு கட்டப்பட்டவை: இந்திய சிம்மைக் கழற்றிவிட்டு வேறு சிம் போட்டால் மறுபதிவு கேட்கும், அதற்கு எஸ்எம்எஸ் போக வேண்டும், கதை அங்கேயே முடிந்தது. இந்திய சிம் இடத்திலேயே இருக்கட்டும், வெளிநாட்டுக்கு இ-சிம் (அட்டை இல்லாமல் போனிலேயே இறக்கி நிறுவும் சிம்) போடுங்கள். வாட்ஸ்அப்பையும் கடலில் அழித்து நிறுவும் வீரம் வேண்டாம். சிக்னல் இல்லாமலே அது ஓடும், ஆனால் புதிதாக நிறுவினால் எண்ணைச் சரிபார்க்கச் சொல்லும். புதுப் போன் வாங்கியிருந்தால் இரண்டு வாரம் முன்பே மாறிவிடுங்கள்.

ஆதென்டிகேட்டரில் ஒரு சூட்சுமம். மேற்கே போகப் போக, சில இரவுகளில் கப்பல் கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளுவார்கள். ஏரோபிளேன் மோடில் இருக்கும் போனுக்கு இது தானாகத் தெரியாமல் போகலாம். அப்போது கையால் மணியைத் திருகினால் போனின் உள் நேரமும் ஒரு மணி தவறிவிடும். 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆதென்டிகேட்டர் எண் அந்த உள் நேரத்தைத்தான் நம்புகிறது. எல்லா எண்ணும் 'தவறு' என்று வரும். மணியைத் தொடாதீர்கள், போன் அமைப்பில் நேர மண்டலத்தை (டைம் ஜோன்) மட்டும் மாற்றுங்கள். குளிர்காலக் கணக்கில் மடீரா, கேனரிக்கு லண்டன். அடுத்த மணிக்கு அசோர்ஸ். பிறகு பிரேசிலின் நொரோன்யா, சாவ் பாவ்லோ, போர்ட்டோ ரீக்கோ, கடைசியில் நியூயார்க். நவம்பர் முதல் ஞாயிறு கழிந்துவிட்டால் பார்சிலோனாவுக்கும் மயாமிக்கும் 6 மணி வித்தியாசம். சென்னையில் காலை 10 மணி மீட்டிங், பார்சிலோனாவில் விடிகாலை 5.30, மயாமியை நெருங்கும்போது அதுவே முந்தைய இரவு 11.30. பாதி வழியில் அது நள்ளிரவுக்குப் பிந்தைய கொடுமையான நேரங்களைத் தொட்டுவிட்டுத்தான் போகும்.

துறைமுகங்களுக்கு இ-சிம் போதும். அதை இறக்கி நிறுவவே நெட் தேவை, ஊரிலேயே நிறுவிவிடுங்கள். நாள் கணக்கு நிறுவியதும் தொடங்குகிறதா, முதல் நெட்வொர்க்கைப் பிடித்ததும் தொடங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கேனரியும் மடீராவும் அசோர்ஸும் ஐரோப்பிய ஒன்றிய ரோமிங்கில் அடங்கும். கரீபியனில் செயின்ட் மார்ட்டின் தீவு விசித்திரம்: பிரெஞ்சுப் பாதி அதில் அடங்கும், கப்பல் நிற்கும் ஃபிலிப்ஸ்பர்க் இருக்கும் டச்சுப் பாதி அடங்காது. காசு செலவழிக்க மனமில்லையென்றால் கப்பல் ஊழியர்கள் எந்தக் கடைக்குக் கும்பலாகப் போகிறார்கள் என்று பாருங்கள். துறைமுகத்தில் நல்ல இலவச வைஃபை எங்கே என்பது அவர்களுக்கு அத்துப்படி.

இரண்டு சின்ன விஷயம். கப்பல் நிறுவனத்தின் செயலியைக் கரையில் இறக்கிவிட்டால், நெட் பேக்கேஜ் வாங்காமலே பெரும்பாலும் நிகழ்ச்சி நிரல் பார்க்கலாம். ஜிபிஎஸ்ஸுக்கும் நெட் தேவையில்லை: வரைபடத்தை முன்பே ஆஃப்லைனில் இறக்கி வைத்து மேல்தளத்தில் நின்றால் நீலப் புள்ளி அட்லாண்டிக்கில் நகர்வதைப் பார்க்கலாம். கேபினுக்குள் எஃகு மறைக்கும். அவசரத்துக்கு என்று சாட்டிலைட் போன் வாங்க நினைப்பவர்களுக்கு: அனுமதியில்லாமல் அதை இந்தியாவுக்குள் கொண்டுவருவது சட்டவிரோதம், விமான நிலையத்திலேயே பிடிபடுவீர்கள்.

மயாமியில் ஏரோபிளேன் மோடை எடுக்கும் முன், கப்பல் துறைமுகத்துக்குள் வந்துவிட்டதா என்று பாருங்கள். எடுத்ததும் திரையில் அமெரிக்க நெட்வொர்க்கின் பெயர்தான் தெரிய வேண்டும். பிறகு, இரண்டு வாரமாகத் தேங்கியதில் அழியாமல் மிஞ்சிய எஸ்எம்எஸ்கள் வரிசையாக வந்து கொட்டும். ஓடிபிகள் எல்லாம் காலாவதியானவை, அழித்துவிடலாம். நீங்கள் கேட்காத நேரத்தில் வந்த ஓடிபி அதில் ஒன்று இருந்தால் மட்டும் வங்கியைக் கூப்பிடுங்கள்.