மகளுக்கு வாவுபலி

ஆடி அமாவாசை என்றால் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு ராமேஸ்வரம். கன்னியாகுமரி முக்கடலுக்கும் கூட்டம் குவியும். குமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆட்களான எங்களுக்கு அது வாவுபலி. வாவு என்றால் அமாவாசை, பலி என்றால் முன்னோருக்கு வைக்கும் பிண்டம். குழித்துறையில் தாமிரபரணி (நெல்லையில் ஓடுவது வேறு) ஆற்றங்கரையில் விடிவதற்கு முன்பே ஆட்கள் வாழையிலையோடு உட்கார்ந்துவிடுவார்கள். திருவிதாங்கூர்க் காலத்துப் பழக்கம். 1956-ல் எல்லை மாறி நாங்கள் தமிழ்நாட்டுக்கு வந்த பிறகும் வாவு மாறவில்லை. அதே நாளில் கேரள எல்லையில் இருக்கும் பாறசாலைக்கு அந்தப் பக்கமும் கர்க்கடக வாவு என்று இதையேதான் செய்கிறார்கள்.

என் மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது மூளைக்காய்ச்சலில் போனாள். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகு வந்த வாவுகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருஷமும் என் வீட்டுக்காரர் அவருடைய அப்பா அம்மாவுக்குப் பலி போடுவார். நான் கரையில் துண்டோடு நிற்பேன். மகளுக்கு? கேட்டால் சொந்தக்காரர்கள் முகம் மாறும். "பெத்தவங்க செய்யப்படாது, பிள்ளைக்கு நல்ல கதி கிடைக்காது" என்று ஒரு சித்தி. "கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு எதுக்கு" என்று இன்னொருவர். இதெல்லாம் எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் சட்டம் சொல்ல மட்டும் தயங்குவதே இல்லை.

இந்த முறை நானே உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் பலி போடுவது புதிதல்ல. அம்மாவுக்கு, புருஷனுக்கு என்று எத்தனையோ பெண்கள் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருப்பார்கள். முந்தின நாள் ஒருவேளைச் சாப்பாடுதான். இருட்டிலேயே கிளம்பினோம். தென்மேற்குப் பருவமழை என்பதால் ஆறு செம்மண் நிறத்தில் நிறைந்து போனது. ஆழத்துக்குப் போகாதீர்கள் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

வரிசையில் உட்கார்ந்தவர்களிடம் போற்றி ஒவ்வொருவராகப் பேரும் நாளும் கேட்டு வந்தார். பூசை செய்கிறவரை எங்கள் பக்கத்தில் போற்றி என்போம். நாள் என்றால் நட்சத்திரம். "யாருக்கு?"

"மகளுக்கு."

அவர் கை ஒரு நொடி நின்றது. பிறகு என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். வரிசை நீளம், பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள், இருந்தாலும் உட்கார்ந்தார். "அம்மா, முறைன்னு பார்த்தா அவ உங்களுக்குச் செய்யணும். அது நடக்கல. அதுக்காக அவளுக்கு இடமே இல்லன்னு இல்ல. தாய் வழி, தகப்பன் வழின்னு முன்னோருக்குப் போட்ட பிறகு காருண்ய பித்ருக்கள்னு ஒரு வகை உண்டு. அண்ணன் தம்பி, மகன் மகள், குரு, சிநேகிதர் எல்லாரும் அதுல வருவாங்க. கடைசியா அந்தப் பிண்டம் வைக்கும்போது பிள்ளை பேரைச் சொல்லுங்க. சத்தமாவே சொல்லலாம்."

தர்ப்பை மோதிரத்தை விரலில் போட்டுவிட்டார். இலையில் எள், பூ, சந்தனம், துளசி, வெந்த பச்சரிசிச் சாதம். அவர் சொல்லச் சொல்ல எல்லாரும் திருப்பிச் சொன்னோம். தண்ணீரை விரல் நுனி வழியாக விடக் கூடாது. கையைச் சாய்த்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விட வேண்டும். பித்ருக்களுக்கு அதுதான் வழியாம். எள் ஈரக் கையில் ஒட்டிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றது. முன்னோர் பிண்டங்களைச் சரியாகப் பிடித்துவிட்டேன். கடைசி உருண்டை கை நிறைய வந்துவிட்டது. "கொஞ்சம் சின்னதா பிடிங்கம்மா" என்றார் போற்றி. பின்னால் நின்ற என் வீட்டுக்காரர், "இருக்கட்டும் போற்றி, அவ நல்லா சாப்பிடுவா" என்றார். மகள் போன பிறகு அவர் அவளைப் பற்றி வெளி ஆளிடம் பேசி நான் கேட்டதில்லை.

பேரைச் சொன்னேன். சத்தமாகத்தான். பக்கத்தில் இருந்த வயசான அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, தன் இலையில் இருந்த பூவில் கொஞ்சம் எடுத்து என் இலையில் போட்டார்.

ஈரக் கையைத் தட்டிக் காகத்தைக் கூப்பிட்டோம். வாவு நாளில் குழித்துறைக் காகங்களுக்குப் பசியே இருக்காது, ஆயிரம் இலை காத்திருக்கிறது. வந்ததா என்று கேட்காதீர்கள். இலையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கி, விட்டு, மூழ்கி எழுந்தேன். மகாதேவர் கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம்.

வாவை ஒட்டி நகராட்சி நடத்தும் வாவுபலிப் பொருட்காட்சி எங்கள் பக்கத்தில் பெரிய விசேஷம். ராட்டினம், வளையல், பாத்திரம் எல்லாம் உண்டு என்றாலும் ஊர்க்காரர்கள் போவது கன்று வாங்கத்தான். ஒட்டு மா, தென்னை, கொய்யா, நல்லமிளகுக் கொடி. நாங்கள் ஒரு சக்கைக் கன்று வாங்கினோம். பலாவை நாங்கள் சக்கை என்போம், மகளுக்கு உயிர். விலையை என் வீட்டுக்காரர் பேசிப் பேசிக் குறைத்தது எனக்குப் பிடித்திருந்தது. பழைய ஆளாகத் தெரிந்தார்.

அப்புறம் மார்த்தாண்டம் வந்து, ஆற்றூர் வழியாகத் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில். மூவாற்றுமுகத்தில் கோதையாறும் பரளியாறும் சேர்ந்துதான் குழித்துறைக்கு வருகின்றன. ஆக, நான் இலை விட்ட தண்ணீர் வந்த திசையில்தான் மேலே போனோம். நம்மாழ்வார் பாடிய மலைநாட்டுத் திவ்யதேசம். 418 வருஷம் கழித்து 2022 ஜூலையில் கும்பாபிஷேகம் நடந்த கோயில். பிரகாரத்தில் பாவை விளக்குத் தூண்கள், ஒரு பாவை முகம் போல் இன்னொன்று இருக்காது. கன்றை உள்ளே கொண்டுபோக விடவில்லை, செருப்புக்குப் பக்கத்தில் விட்டோம்.

ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்துக்குச் சயனத்தில் இருக்கிறார். மூன்று வாசல் வழியாகத்தான் முழுதாகப் பார்க்க முடியும். மகள் சின்னவளாக இருந்தபோது, "சாமி கும்பிட எந்த வாசல்ல நிக்கணும்?" என்று இந்தக் கோயில் போற்றியிடம் கேட்டாள். "கால் தெரியுற வாசல்ல நில்லு மக்ளே, முகத்தை அவரே திருப்பிக்குவாரு" என்றார் அவர். அதே வாசலில்தான் நின்றேன். என்ன வேண்டினேன் என்றால், ஒன்றும் வேண்டவில்லை. உருட்டி வைத்ததை அவள் சாப்பிட்டிருக்கட்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

இந்தத் தலத்துக் கதை தெரிந்திருக்கும். கேசி என்ற அசுரனைக் கீழே தள்ளி, அவன் மேல் பெருமாள் படுத்துக்கொண்டார். கேசியின் மனைவி கங்கையை வேண்டினாள். கங்கையும் தாமிரபரணியும் வெள்ளமாகப் பாய்ந்து வந்தன. பூமாதேவி அந்த இடத்தை மேடாக்க, வெள்ளம் பெருமாளைச் சுற்றிக்கொண்டு ஓடியது. இதைப் பெருமாளின் வெற்றியாகத்தான் சொல்வார்கள். எனக்கு அந்த மனைவிமேல்தான் கண். பறிகொடுத்தவள் கூப்பிட்டதும் ஆறு வந்திருக்கிறது. அவள் அழக் கூடாது என்று அந்தக் கதையில் ஒருவரும் சொல்லவில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுக் கரையில் துண்டோடு நிற்கிறவர்களுக்காகச் சில விஷயங்கள். விடிவதற்கு முன் போய்விடுங்கள், வெயில் ஏறினால் நெருக்கடி. தர்ப்பை, எள், இலை எல்லாம் அங்கேயே கிடைக்கும். மாற்றுத் துணியும், ஈரத் துணிக்கு ஒரு பையும் மறக்க வேண்டாம். பிள்ளையின் நட்சத்திரம் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் பேர் போதும். போற்றி தயங்கினால் காருண்ய பித்ரு என்று சொல்லுங்கள், அவருக்குப் புரியும். திருவட்டாற்றில் உச்சிக்குள் நடை சாத்திவிடுவார்கள், பொருட்காட்சியில் நேரம் போக்கினால் தரிசனம் கிடைக்காது. கன்று வாங்குவதாக இருந்தால் திரும்பி வரும்போது வாங்குங்கள்.