காகிதத்தில் சிக்காத துடிப்பு

கீழே விழுந்த சாக்பீஸை எடுக்கக் குனிந்தேன். நிமிர்வதற்குள் இதயம் ஓடத் தொடங்கிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறவில்லை, எடுத்த எடுப்பிலேயே ஓட்டம். கழுத்து நரம்பு புடைத்துப் புடைத்து அடித்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். இருபது நிமிடம் கழித்து, வந்தது போலவே சட்டென்று நின்றது. உடனே சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தது.

இப்படியே ஆறு வருடம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் துடிப்பு 78க்கு இறங்கிவிடும். ஈசிஜி, எக்கோ, தைராய்டு எதிலும் குறை இல்லை. ஒருவர் வாயு என்றார். இன்னொருவர் மனப்பதற்றம் என்று தூக்க மாத்திரை எழுதினார். பெண் என்றால் பதற்றம் என்று எழுதிவிடுவது சுலபம் போலிருக்கிறது. துடிப்பை விடாமல் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை 24 மணி நேரம் மார்பில் ஒட்டிக்கொண்டு திரிந்தேன். அன்றைக்குப் பார்த்து இதயம் பரம சாதுவாக இருந்தது. கருவியைக் கழற்றிக் கொடுத்த மறுநாள் காலை, தோசைக்கல் முன் நிற்கும்போது வந்தது.

ஒருநாள் இரவு ஒரு மணி நேரமாகியும் நிற்கவில்லை. பக்கத்துத் தெரு மருத்துவமனையில் எடுத்த ஈசிஜியில் துடிப்பு நிமிடத்துக்கு 188. அந்தச் சீட்டைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்றால் நம்ப மாட்டீர்கள். பணியிலிருந்த இளம் மருத்துவர் 10 மில்லி சிரிஞ்சைக் கையில் கொடுத்து, 15 வினாடி ஊதச் சொன்னார். ஊதி முடித்ததும் படுக்கவைத்துக் கால்களைத் தூக்கிப் பிடித்தார். பலருக்கு அதிலேயே நின்றுவிடுமாம். எனக்கு நிற்கவில்லை. பிறகு ஓட்டத்தை அறுத்து நிறுத்தும் அடினோசின் ஊசி, 6 மில்லிகிராம், பின்னாலேயே வேகமாக சலைன். "சில நொடி பயமாக இருக்கும், போய்விடும்" என்றார். நெஞ்சை யாரோ மிதித்தது போலிருந்தது, உயிர் போகிறது என்றே நினைத்தேன். தாளில் கொஞ்ச தூரம் வெறும் கோடு, அப்புறம் ஒழுங்கான துடிப்பு. ஈசிஜி தாளில் அச்சு மங்கிவிடும் என்று மறுநாளே நகல் எடுத்து வைத்தேன்.

அந்த நகலைப் பார்த்த இதய மின்னியல் நிபுணர் இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டார். இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்துடிப்பைக் கடத்தும் கணுவில் எனக்கு மின்பாதை இரண்டு: ஒன்று வேகமானது, மற்றது மெதுவானது. மின்துடிப்பு ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தொந்தரவுதான், ஆனால் இதயத்தில் வேறு கோளாறு இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து இல்லை. கீழறையிலிருந்து கிளம்பும் ஓட்டம் என்றால் கதை வேறு. அது வெறும் நடுக்கமாக மாறினால் சில நிமிடங்களுக்குள் மின்அதிர்ச்சி கொடுத்தாக வேண்டும்.

எங்கள் வீட்டிலேயே வேறொரு ரகமும் உண்டு. மாமனாருக்குக் கண்புரை அறுவைக்கு முன் எடுத்த ஈசிஜியில் மேலறை நடுக்கம் தெரிந்தது. நாடி தாறுமாறாக இருந்தது, அவருக்கோ ஒன்றுமே தெரியவில்லை. "எனக்கு என்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்பார். மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டி உருவாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் ரத்தம் உறையாமலிருக்க அவருக்குத் தினமும் மாத்திரை. துடித்துப் பதறிய என்னைவிட, சும்மா இருந்த அவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

துடிப்பைத் தணிக்கும் மெட்டோப்ரோலால் மாத்திரை எனக்கு ஒத்துவரவில்லை, நாள் முழுவதும் சோர்வு. கணுவில் உள்ள அந்த மெதுவான பாதையைச் சூடு வைத்து அடைத்துவிட ஒப்புக்கொண்டேன். 100 பேரில் 95 பேருக்கு மேல் குணமாகும், சுமார் ஒருவருக்குக் கணு பழுதாகி பேஸ்மேக்கர் தேவைப்படலாம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். அந்த ஒருவர் நான்தான் என்று இரவெல்லாம் தோன்றியது.

தொடை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குக் கம்பிகளை ஏற்றினார்கள். பாதி விழிப்பில் கிடந்தேன். ஆறு வருடம் பயந்த அந்த ஓட்டத்தை அவர்களே வேண்டுமென்று கிளப்பினார்கள். "இதுதானா அம்மா?" என்றார் மருத்துவர். "இதேதான்" என்றேன். அதைக் கையும் களவுமாகப் பிடித்த திருப்தி எனக்கு. பிறகு சில மில்லிமீட்டர் இடத்தில் சூடு. மறுபடி கிளப்பிப் பார்த்தார்கள், வரவில்லை. கால் மடக்காமல் ஆறு மணி நேரம் படுத்திருந்ததுதான் பெரும்பாடு.

எட்டு மாதம் ஆகிறது. எப்போதாவது ஒரு துடிப்பு இடறுகிறது. மிகைத் துடிப்பு, பொருட்படுத்த வேண்டாம் என்றார்கள். ஆனாலும் இரண்டு விரலைக் கழுத்தில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணி முடித்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடர்கிறேன்.