அடுக்களைத் தரையில் ஒரு வாய்க்கால்

மனையின் அகலம் 18 அடி, நீளம் அறுபது சொச்சம், மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் 14 அடி இறக்கம். குன்னூரில் எடுத்துச் செய்த அந்த வீட்டை இன்றும் இந்த அளவுகளாகத்தான் நினைவு வைத்திருக்கிறேன். கருங்கல்லும் மண் சாந்துமாகக் கட்டின பழைய வீடு, தகரக் கூரை, ஒரு பக்கம் பக்கத்து வீட்டோடு ஒட்டின சுவர். மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள், இரண்டு அறை கூடுதலாக வேண்டும்.

மாடி எடுக்கலாமே என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நீலகிரியில் 7 மீட்டர் உயரக் கட்டுப்பாடு இருப்பது ஒரு பக்கம், மண் சாந்துச் சுவர் மேல் கான்கிரீட் தளத்தை ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை. சரி, கீழ்ப்பக்கம் இறங்கலாம், பழைய வீட்டை ஒட்டி அதன் தரை மட்டத்துக்குக் கீழே அறைகளை வைக்கலாம் என்று முடிவானது.

லாரி நிற்கும் ரோட்டிலிருந்து வீட்டுக்கு 84 படி, எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். பொக்லைன் கொண்டுவர மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், கிடைத்தாலும் அந்தச் சந்தில் நுழையாது. எல்லாம் தலைச்சுமைதான். மணலும் சிமெண்டும் இறங்குகிற பொருள், அதற்குக் கணக்குப் போட்டிருந்தேன். தோண்டின மண் மேலே ஏற வேண்டும் என்பதை ஏனோ யோசிக்கவே இல்லை. சரிவில் தள்ளினால் கீழ்வீட்டுத் தகரத்தின் மேல்தான் விழும். ஏற்றுக்கூலி இறக்குக்கூலியைப் போல இல்லை. அறைகளுக்குச் செங்கல் வாங்கின காசைவிட மண் சுமந்த காசு அதிகம் என்று வீட்டுக்காரரிடம் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

பழைய அஸ்திவாரத்துக்கு அடியில் வெட்டும்போது நாலடி வெட்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகின பிறகுதான் பக்கத்து நாலடி. "ஒரே வெட்டா வெட்டினா நாலு நாள்ல முடிஞ்சிரும் சார்" என்றார் மேஸ்திரி. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்ததை அவரும் பார்த்தவர்தான், அதைச் சொன்னதும் பேசவில்லை. ஐந்து வாரம் ஆனது.

இதிலெல்லாம் கவனமாக இருந்த நான் கோட்டை விட்டது அடுக்களையில். தரையில் குறுக்காக ஓர் அரையடி வாய்க்கால், சுவரைத் துளைத்து வெளியே போகும். "அது தண்ணி போறதுக்கு சார்" என்றார் வீட்டுக்காரம்மா. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன், சிங்க் வைத்த பிறகு அது எதற்கு? அடைத்து டைல்ஸ் போட்டாயிற்று. நான் பார்த்தது ஏப்ரலில், வாய்க்கால் காய்ந்து கிடந்தது.

குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. நவம்பர் இரண்டாம் வாரம் போன் வந்தது: கீழறையில், கல்யாணமாகி வந்த பிள்ளைகளின் அறையில், பின்சுவர் இடுப்பு உயரத்துக்கு ஈரம். மேட்டுப் பக்கத்து ஊற்று அடுக்களைக்கு அடியில் வந்து, வாய்க்கால் அடைபட்டதால் போக வழியில்லாமல், மண்ணைத் தாங்க நான் கட்டின அந்தத் தடுப்புச் சுவருக்குப் பின்னால் இறங்கியிருக்கிறது. சுவருக்குப் பின்னால் ஜல்லியும் துளையிட்ட குழாயும் வைத்திருந்தேன், ஆனால் அது மழைக் கசிவுக்கு வைத்த குழாய், ஊற்றுக்கு இல்லை. பத்தடி உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் சுவரின் ஒவ்வொரு அடி நீளத்தையும் சுமார் 1,400 கிலோ தள்ளும், மண்ணின் தள்ளு அது போக. அன்றிரவு அந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டேனோ.

மறுநாளே போய்ப் புது டைல்ஸை உடைத்தோம். அடைப்பை எடுத்ததும் கட்டைவிரல் தடிமனுக்குத் தண்ணீர், கண்ணாடி மாதிரி. "அன்னைக்கே சொன்னேனே சார்" என்றார் அந்த அம்மா, கோபமே இல்லாமல். கம்பி மூடி போட்டு வாய்க்காலை அப்படியே விட்டுவிட்டோம், மருமகள் அதைத் தாண்டித்தான் அடுப்புக்குப் போகிறார். டைல்ஸ் காசை என் பில்லில் கழித்துக்கொண்டார்கள், நானும் கேட்கவில்லை.