கடல் இறங்கும் வரை

யாழ்ப்பாணத்தில் பெரிய ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும்தான் ஓடும். அதனால் அணைப் பாதுகாப்பு என்றாலே அது வன்னிக் குளங்களின் பாடு என்று பலரும் நினைக்கிறார்கள். தொண்டைமானாற்று உவர்நீர்த் தடுப்பணையில் சில மாரிகாலங்கள் வேலை செய்த எனக்கு அப்படி நினைக்க முடியவில்லை.

வெளியே கடல், உள்ளே நீரேரி. உப்பு ஏறாமல் கதவை மூடிவைக்க வேண்டும். மழைநீர் உள்ளே தங்கினால்தான் கரையோரக் கிணறுகள் தேறும். நம் சுண்ணக்கல் நிலத்தில் நன்னீர் என்பது உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு படைதானே. அதே கதவால்தான் வெள்ளமும் வெளியேற வேண்டும்.

முதல் மாரியில் ஒரு நாள் இரவு, மழை விடாமல் கொட்டியது. உள்ளே மட்டம் ஏறுவதைப் பார்த்துக் கதவைத் திறக்கச் சொன்னேன். கதவு பார்க்கிற அண்ணை அசையவில்லை. டோர்ச்சைக் கடல் பக்கம் அடித்துக் காட்டினார்.

"வெளியில கடல் ஒரு சாண் உயரமா நிக்குது தம்பி. இப்ப திறந்தா வெள்ளம் போகாது, உப்புத்தான் ஏறும். வாடைக்காத்து அடங்கட்டும்."

விடிய மூன்று மணிவரை காத்திருந்தோம். அதற்குள் தாழ்ந்த வயல்களில் தண்ணீர் ஏறிவிட்டது. கடல் இறங்கியதும் கதவைத் தூக்கினோம். பாய்ந்துபோன நீரில் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார் அண்ணை. "நல்ல தண்ணி" என்றார். அவர் குரல் தழுதழுத்தது.

ஐப்பசி, கார்த்திகை என்று பரவிப் பெய்த மழை இப்போது ஓரிரவில் விழுகிறது. ஒரு பாகை சூடு கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். 2008இல் நிஷா, 2020இல் புரேவி என்று புயல்களும் வந்தன. இவற்றைவிட எனக்குப் பயம் தருவது கடல் மட்டம். அது உயர உயர, கதவைத் திறக்கக் கிடைக்கும் நேரம் சுருங்கும்.

அப்படியானால் முன்கூட்டியே திறந்துவிடலாமே? 2018 டிசெம்பரில் வன்னியின் இரணைமடுக் குளத்து வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சிப் பக்கம் வெள்ளத்தில் கிடந்தபோதும் இந்தக் கேள்விதான் என் மனதில் ஓடியது. ஆனால் குளத்து நீரை இறக்கிவைத்த பிறகு மழை பொய்த்தால், குளத்து நீரை நம்பிக் கோடையில் விதைக்கும் சிறுபோகம் போச்சு. அந்தப் பழியைக் கதவடியில் நிற்கிறவர் தனியாகச் சுமக்கக் கூடாது. எந்த முன்னறிவிப்புக்கு எவ்வளவு இறக்குவது என்பதை, மாரிக்கு முன்னமே விவசாயிகளோடு இருந்து பேசி எழுதிவைக்க வேண்டும்.

அண்ணையோடு காத்திருந்த அந்த இரவுவரை என் குறிப்புப் புத்தகத்தில் உள்மட்டத்தை மட்டும்தான் எழுதிவந்தேன். விடிந்ததும் பக்கத்தில் ஒரு கோடு கிழித்து, கடல் மட்டத்தையும் எழுதத் தொடங்கினேன்.