விரல்களுக்குத் தனிக்குடித்தனம் ஆகாது

ஐந்தோவனில் ஜனவரி மாதக் குளிர் ஒன்றும் ஆளைக் கொல்லும் குளிர் இல்லை. ஊருக்குப் போன் போட்டு "இன்னைக்கு ரெண்டு டிகிரி" என்றால் கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். நெதர்லாந்தில் அது சாதாரண நாள். தொந்தரவு அந்த இரண்டு டிகிரியால் வருவதில்லை, கூடவே வரும் தூறலாலும் காற்றாலும் வருவது. பூஜ்ஜியம் டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 5 போலத்தான் உறைக்கும். காற்றே இல்லாத நாளிலும் சைக்கிள் மிதிக்கிறவன் அந்தக் காற்றைத் தன் சொந்தச் செலவில் உண்டாக்கிக்கொள்கிறான். அதை முதலில் வாங்கிக்கொள்வது ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் விரல்கள். உடம்பு வேறு, குளிர் என்றதும் நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றுவதற்காக விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். முதுகு வியர்த்து, நெற்றி வியர்த்து, விரல் மட்டும் மரத்துப்போய் ஆபீஸ் போய்ச் சேர்வேன்.

போனதும் சைக்கிளைப் பூட்ட வேண்டும். இங்கே பின்சக்கரத்திலேயே வளையப் பூட்டு இருக்கும். ஒரு கையால் சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மறு கையால் நெம்பைக் கீழே தள்ள வேண்டும். சாவி விரலில் இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் நான் உறுதி செய்துகொள்வேன். உள்ளே போய்க் கை சூடாகும்போதுதான் உண்மையான வேதனை. ரத்தம் திரும்பி வரும்போது நகக்கண் ஒவ்வொன்றும் தெறிக்கும். மெஷின் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்து, "காபி அவ்வளவு மோசமா?" என்று கேட்டார் பக்கத்து சீட் டச்சுக்காரர். மோசம்தான், அது வேற விஷயம்.

அவர் அறுபதை நெருங்குகிறவர். வெறுங்கையோடு வருவார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதற்கும் மேலே. இரண்டு கையையும் ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு, ஹேண்டில்பாரை அதன் விதிக்கே விட்டுவிட்டு, எதிர்க்காற்றில் கதை பேசிக்கொண்டே போவார்கள். அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வயது எனக்குத் தாண்டிவிட்டது.

ஈரோட்டில் மார்கழி வந்தாலே மப்ளர் தேடும் அம்மாவிடம் வீடியோ காலில் இதைச் சொன்னேன். "கையில பாலிதீன் கவரைச் சுத்திக்கிட்டு அதுக்கு மேல உல்லன் உறையைப் போடு கண்ணு. காத்து எப்படி உள்ள வரும்?" என்றார். சிரித்துவிட்டு வைத்தேன். மறுநாள், பெட்ரோல் பங்க்கில் டீசல் பிடிக்கிறவர்களுக்காக வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் கையுறை ஒரு ஜோடியை எடுத்து, கம்பளிக் கிளவ்ஸுக்குள் போட்டுப் பார்த்தேன். அம்மா சொன்னபடியே காற்று உள்ளே வரவில்லை. வியர்வையும் வெளியே போகவில்லை. ஆபீஸில் கழற்றியபோது விரல்கள் சூடாக இருந்தன, கூடவே அவித்தெடுத்ததுபோல் சுருங்கியும் இருந்தன.

சரி, முறையாக வாங்கிவிடுவோம் என்று சைக்கிள் கடைக்குப் போனேன். அங்கிருந்த பையனுக்குக் கிளவ்ஸ் மேல் அவ்வளவு காதல். உள்ளங்கையைச் சுற்றி டேப் வைத்து அளந்து 9 என்றான். மாட்டிக்கொண்டு கையை இறுக்கி மூடச் சொன்னான். விரல்நுனி தையலில் முட்டினால் சின்ன சைஸாம். இறுக்கமான கிளவ்ஸ் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் குளிரும், சூட்டைப் பிடித்து வைப்பது உள்ளே அசையாமல் நிற்கும் காற்றுதான், அது நிற்க இடம் வேண்டாமா என்றான். நியாயம்தானே. அப்புறம் கட்டைவிரலின் முதுகில் இருந்த துண்டுத் துணியைத் தடவிக் காட்டினான். டவல் துணி மாதிரி மெத்தென்று இருந்தது. "இது மூக்கைத் துடைக்க." சொன்னதோடு விடாமல் செய்தும் காட்டினான். மூக்கில் படவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அது வருகிறவர் போகிறவர் எல்லாம் மாட்டிப் பார்க்கும் ஜோடி. எனக்கு அளவு பார்த்ததும் அதில்தான்.

ஆள்காட்டி விரலில் டச் ஸ்கிரீன் வசதி உண்டு என்று அடுத்த பெருமையை எடுத்தான். ஓட்டும்போது போனைக் கையில் பிடித்தாலே அபராதம், 2019 ஜூலையிலிருந்து இங்கே அதுதான் சட்டம். நின்றபிறகு தொடுவதற்கு மூக்குநுனி போதும் எனக்கு.

கடைசியில் அவன் என் தலையில் கட்டியது 'லாப்ஸ்டர்' வகை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒரு பையில், மோதிர விரலும் சுண்டுவிரலும் இன்னொரு பையில், கட்டைவிரல் தனியே. பிரேக்கும் பிடிக்கலாம், விரல்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு சூட்டைப் பங்கும் போட்டுக்கொள்ளும். வீட்டில் மாட்டிக் காட்டினேன். "நண்டு மாதிரி இருக்குதுங்க" என்று அன்றோடு அதற்குப் பெயர் வைத்துவிட்டாள் மனைவி. நண்டு வறண்ட குளிரில் பிரமாதம். மைனஸ் 4 வரை தாங்கியது. ஆனால் ஒரு நல்ல தூறலுக்குள் மேல்துணி ஊறி, அலசிப் பிழியாத துணியைக் கையில் சுற்றிய நிலைமை ஆகிவிடும். காய்ந்த மைனஸ் பத்தைவிட நனைந்த பிளஸ் இரண்டு கொடியது என்பதை வடதேசத்துச் சைக்கிள்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மனைவிக்கு இந்தக் கவலையே கிடையாது. அவளுடையது பாட்டிகள் ஓட்டுகிற கறுப்பு சைக்கிள், பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக். விரலுக்கு வேலையே இல்லாததால் தடித்த மிட்டனைப் போட்டுக்கொள்கிறாள். நான்கு விரலும் ஒரே பையில் கூட்டுக்குடும்பமாக இருக்கும், காற்றில் படும் பரப்பு குறைவு, அதனால் சூடு அதிகம். எனக்கு இரண்டு கையிலும் பிரேக், போதாததற்கு வலக்கையில் கியர். கிளவ்ஸ் கடைக்குப் போகும் முன் பிரேக் கையிலா காலிலா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்தான். கொஞ்ச நாள் சைக்கிளை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தேன். அவள் மிட்டனோடு கும்பிட்டாள்.

ஹேண்டில்பாரிலேயே நிரந்தரமாக மாட்டிவிடும் பெரிய உறைகளும் உண்டு. முன்னால் பெட்டி வைத்துப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவர்கள் மாட்டியிருப்பார்கள். வெறுங்கையை உள்ளே நுழைத்துக்கொண்டால் போதும். எனக்கு அது சரிப்படவில்லை. திருப்பத்தில் கை காட்ட வெளியே எடுத்தால், மறுபடி வாசல் தேடி நுழைவதற்குள் திருப்பம் முடிந்துவிடுகிறது.

விடிவு வந்தது கட்டுமானச் சாமான் கடையில். பைப் டேப் வாங்கப் போன இடத்தில் ஆரஞ்சு நிற ரப்பர் கிளவ்ஸ் தொங்கியது. குளிர்பதனக் கிடங்கில் வேலை செய்கிறவர்கள் போடுவது. உள்ளே மெத்தென்ற பின்னல், உள்ளங்கையில் சொரசொரப்பு. அட்டையில் பனிப்பூ படம், மேலே ஈஎன் 511 என்று குளிர்க் கையுறைக்கான ஐரோப்பியத் தர எண், கீழே மூன்று எண்கள். முதல் எண் காற்றுக் குளிர், இரண்டாவது குளிர்ந்த பொருளைத் தொடும் குளிர், இரண்டும் 4 வரை. மூன்றாவது 1 என்றால் தண்ணீர் புகாது. சைக்கிள் கடையில் பையன் பேசிய அத்தனை பேச்சும் இங்கே மூன்று எண்ணில் அடங்கிவிட்டது, விலையும் நண்டில் பாதிகூட இல்லை. சைஸ் 10 வாங்கி உள்ளே மெல்லிய மெரினோ கம்பளி உறை போட்டுக்கொண்டேன். மழை, காற்று எதுவும் அண்டவில்லை. மீன்கடைக்காரர் என்று நினைத்து யாரும் விலை கேட்காதவரை நல்லது.

ஆபீஸில் தமிழ் ஆட்கள் இரண்டு பேர் பார்த்துவிட்டு அதே கடையில் அதே ஆரஞ்சை வாங்கினார்கள். மூன்று ஜோடியும் ஒரே ஹீட்டர் மேல் காயும். ஒரு சாயங்காலம் நான் கிளம்பும்போது அங்கே இருந்தவை இரண்டும் வலது கை. மழை என்று பஸ்ஸில் போன தம்பி இரண்டு இடதைப் பையில் திணித்துக்கொண்டு போய்விட்டார். வேறு வழியில்லாமல் ஒன்றைத் திருப்பி இடக்கையில் மாட்டினேன். இந்தக் கிளவ்ஸ் உள்ளங்கைப் பக்கம் வளைந்த வார்ப்பு. திருப்பி மாட்டினால் ஐந்து விரலும் புறங்கைப் பக்கம் மடிந்து நிற்கும். அந்தக் கையை நீட்டி இடதுபக்கம் திரும்புகிறேன் என்று காட்டியபோது பின்னால் வந்த கார் வேகத்தைக் குறைத்து, நான் திரும்பி முடிக்கும்வரை நின்றே விட்டது.

வாசலில் சைக்கிளை நிறுத்தி அதே கையால் பெல் அடித்தேன். மனைவி கதவைத் திறந்தாள், கையைப் பார்த்தாள்.

"ஐயோ, எங்கீங்க விழுந்தீங்க?"